சேதி யாருக்குப் போய்ச் சேருது?



2023 டிசம்பர் 17 இரவு. திருச்செந்தூரிலிருந்து சென்னை எழும்பூருக்குக் கிளம்பிய விரைவு ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. பெருமழையில், அதற்கு அப்பால் தண்டவாளத்துக்கு அடியிலிருந்த ஜல்லியும் மண்ணும் அடித்துச் செல்லப்பட்டிருந்தன. நிறுத்தியதால் உயிர்கள் தப்பின. ஆனால் சுமார் 800 பயணிகள் வெள்ளத்துக்கு நடுவே மாட்டிக்கொண்டார்கள். ஹெலிகாப்டரில் உணவுப் பொட்டலம் போட வேண்டியிருந்தது. 19-ஆம் தேதிதான் மீட்டார்கள்.

ரயிலை நிறுத்தச் சொல்லி டிரைவருக்குச் சேதி சொல்ல ஒரு வழி இருக்கிறது. சரி, பயணிக்கு?

முன்பதிவு செய்தவரின் செல் நம்பர் ரயில்வேயிடம் இருக்கும். ரயில் ரத்தானால் எஸ்.எம்.எஸ். வரும். கவுண்ட்டரில் வரிசையில் நின்று சாதா டிக்கெட் எடுத்தவர் நம்பர் யாரிடம் இருக்கு? பஸ்ஸில் கண்டக்டர் நம்பரா கேட்கிறார்? இவர்களெல்லாம் 'எக்ஸ்' தளத்தில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். அதற்கு ஸ்மார்ட்போன் வேணும், நெட் வேணும், சார்ஜ் வேணும். வெள்ளம் வந்தால் முதலில் போவது கரண்ட்தானே!

எங்க குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். அப்பாவிடம் இருப்பது பட்டன் போன். இங்கிலீஷில் மெசேஜ் வந்தால், சாயங்காலம் நான் வீடு திரும்பும் வரை அது அப்படியே கிடக்கும். ஆபீஸ் கணக்கில் 'அனுப்பியாச்சு'. அப்பாவுக்குச் சேர்ந்ததா?

வழி இல்லாமல் இல்லை. 'செல் பிராட்காஸ்ட்' என்று ஒரு முறை உண்டு. எஸ்.எம்.எஸ். ஒவ்வொரு நம்பராகப் போகும், நெரிசலில் தாமதமாகும். இது ரேடியோ மாதிரி. ஒரு டவரின் எல்லைக்குள் இருக்கும் போன்களுக்கு ஒரே நேரத்தில் போகும். யார் நம்பரும் தேவையில்லை, இன்டர்நெட்டும் வேண்டாம். வெளியூர்ப் பயணிக்கும் கிடைக்கும். 2023-ல் நம் நாட்டில் சோதனை நடந்தபோது போன்கள் திடீரென்று அலறினவே, ஞாபகம் இருக்கா? அதுதான்!

ஆனாலும் பழைய போன்களில் இது வராமல் போகலாம். டவர் படுத்துவிட்டால் யாருக்குமே வராது. ஆகவே அதே சேதியை ரயில் நிலையத்திலும் பஸ் ஸ்டாண்டிலும் மைக்கில் சொல்லியாக வேண்டும்.

சேதி தமிழில் முதலில் வரணும். 'கனமழை எச்சரிக்கை' என்று மட்டும் சொன்னால் போதுமா? எந்த ரயில் ஓடாது, எந்தப் பாலத்தில் போகக்கூடாது, எங்கே போய் ஒதுங்கணும் என்று ஊர் பெயரோடும் நேரத்தோடும் சொல்லணும்.

தோழர்களே! நாளைக்கு டவரிலும், ரயில்வேயிலும், போக்குவரத்துக் கழகத்திலும் வேலைக்குப் போகப்போவது நாமதான். அன்று பட்டனை அமுக்குவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்போம்: நம்ம வீட்டுப் பெரியவங்களுக்கு இது கேட்குமா, புரியுமா? புரியாது என்றால் மாற்றி எழுதுவோம். உயிர் காக்கும் சேதி படித்தவனுக்கு மட்டும் சொந்தமில்லை!

- இரண்டாம் ஆண்டு மாணவன், இ.சி.இ. பிரிவு