தீட்டு அல்ல, கிருமி

என் சின்னம்மா ஒரு வருஷம் அந்த ரத்தத்தை மறைத்தாள். பூலாம்பாடியில் பருத்திக் காட்டுக்குப் போகும் எங்கள் பெண்கள் அதற்குப் பேர் சொல்வதில்லை. வெள்ளைப்படுது, சூடு என்பார்கள், மோர் குடிப்பார்கள். தீட்டு நின்று பத்து வருஷம் கழித்து மறுபடி ரத்தம் கண்டபோதும் அவள் சூடு என்றே சொன்னாள். தோட்டை அடகு வைக்க நான் குமாஸ்தாவாக இருக்கும் வங்கிக்கே வந்தாள். "வயித்து நோவுப்பா" என்றாள். ரசீது எழுதினேன். வேறொன்றும் கேட்கவில்லை. கவிதையில் 'பெண்ணுடல்' என்று எழுதத் தெரிந்த எனக்கு அவளிடம் கேட்க வாய் வரவில்லை.

கர்ப்பப்பை வாயில் தொடங்கிய புற்று யோனிக்குள் இறங்கியிருந்தது. பார்த்த டாக்டர் எந்தத் தெரு என்று கேட்டுவிட்டுச் சொன்னார்: "சுத்தமா இருக்கணும்மா."

தோழர்களே, நான் பேச வந்தது இந்தச் 'சுத்தம்' பற்றி.

இந்நோய்க்கு மூலம் எச்.பி.வி. என்னும் வைரஸ். ஹரால்ட் சுர் ஹாவுசன் 1983-ல் அதன் 16-ஆம் வகையைப் புற்றுக்கட்டியில் கண்டார். 2008-ல் நோபல் பரிசு பெற்றார். யோனியிலேயே தொடங்கும் புற்று அரிது, அதற்கும் பெரும்பாலும் இதே கிருமிதான். கர்ப்பப்பையை எடுத்தாச்சு, இனி ஒண்ணும் வராது என்பதும் தப்பு. உடலுறவில் தொற்றும், ஆணுக்கும் உண்டு. அதற்காக சித்தப்பாவைக் குற்றவாளி ஆக்கவேண்டாம், அவ்வளவு சாதாரணமான கிருமி இது. பெரும்பாலோருக்குத் தானே போய்விடும். சிலருக்குத் தங்கி, பல வருஷம் கழித்துப் புற்றாகும். அதற்கு ஊரும் தெரியாது, சேரியும் தெரியாது. தெருப் பேரைக் கேட்டதும் டாக்டரின் வாயில் வந்தது மருத்துவமா, மனுவா?

அத்தனை வருஷத்தில் ஒருமுறை யாராவது பார்த்திருந்தால் போதும். திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-ல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற நர்சுகள் வினிகரில் உள்ள அமிலத்தைக் கர்ப்பப்பை வாயில் தடவி, ஒரு நிமிஷம் பொறுத்து, வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று பார்த்தார்கள். சாவு 35 சதம் குறைந்தது என்று 2007-ல் லான்செட் இதழில் வந்தது. எதோடு ஒப்பிட்டு? சோதனைக்கு அழைக்கப்படாத 30,958 கிராமத்துப் பெண்களோடு. அவர்களில் 92 பேர் இந்நோயில் செத்தார்கள். அந்த 92-ஐ நாம் எண்ணிக்கையாக வாசித்துவிட்டுப் போகக்கூடாது.

இன்று ஆரம்ப சுகாதார நிலையங்களில் முப்பது தாண்டிய பெண்களுக்கு இச்சோதனை இலவசம். 'சுத்தம்' சொல்லும் வாய்க்குப் பயந்துதான் எங்கள் பெண்கள் படியேறத் தயங்குகிறார்கள். தமிழக அரசின் 2025-26 நிதிநிலை அறிக்கை 14 வயதுப் பெண்பிள்ளைகளுக்குத் தடுப்பூசி அறிவித்தது. நல்லது. படிப்பை நிறுத்திவிட்டுப் பருத்தி எடுக்கப்போன பிள்ளை அந்தப் பட்டியலில் வருவாளா? எங்கள் தெருவில் அப்படிப்பட்ட பிள்ளைகளின் பேரை ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்திருக்கிறோம். முதல் பேர் சின்னம்மாவின் பேத்தி.