திம்புவில் இருக்கை, தில்லியில் வெளியேற்றம்

ஒரு மக்களினத்தின் பேராளரை அழைத்துவந்து எதிரியின் முன் அமர்த்திய அரசு, அவர் யார் சார்பில் அமர்ந்தார் என்பதை மட்டும் ஏற்க மறுக்குமாயின், அவ்வழைப்புக்கு என்ன மதிப்பு? 1985-ஆம் ஆண்டு பூட்டான் தலைநகர் திம்புவில் எழுந்த இவ்வினாவுக்கு, நாற்பதாண்டு கழிந்தும் தில்லி விடையிறுத்ததில்லை.

அவ்வாண்டு சூலைத் திங்களில் ஈழத்தமிழர் சார்பில் ஆறு அமைப்புகள் அங்கு அமர்ந்தன. எதிரே, இலங்கைக் குடியரசுத் தலைவர் செயவர்த்தனாவின் உடன்பிறந்தாரான எக்டர் செயவர்த்தனா தலைமையில் ஒரு குழு. கூட்டிவைத்தது இந்திய நடுவணரசு. சூலை 13-ஆம் நாள் தமிழ்ப் பேராளர் நான்கு கோட்பாடுகளை ஒருமுகமாக முன்வைத்தனர். தமிழர் ஒரு தனித் தேசிய இனம், அவர்க்கெனத் தாயகம் உண்டு, தன்தீர்வுரிமை உண்டு, அத்தீவைத் தம் நாடாகக் கொண்ட தமிழர் அனைவர்க்கும் குடியுரிமை வேண்டும். இவற்றுள் உயிரானது முதலாவதே. தேசிய இனம் என ஒப்பினால் எதிரே இருப்பவர் ஓர் இனத்தின் தூதர். ஒப்பாவிடில் குறையிரந்து வந்த குடிகள். சிங்களக் குழு ஒப்பவில்லை. அதில் வியப்பேதும் இல்லை. ஆகத்துத் திங்களில் மீண்டும் கூடியபோது, வவுனியாப் படுகொலைச் செய்தி கேட்டுத் தமிழர் 17-ஆம் நாள் வெளிநடப்புச் செய்தனர், பேச்சு முறிந்தது.

வியப்பு அடுத்த கிழமை வந்தது. திம்புவில் பேராளராய் அமர்ந்த சத்தியேந்திரா, விடுதலைப் புலிகளின் கருத்துரைஞர் பாலசிங்கம், தந்தை செல்வாவின் மகன் சந்திரகாசன் ஆகிய மூவரையும் நாட்டைவிட்டு வெளியேற்றத் தில்லி ஆணையிட்டது! பாலசிங்கம் இலண்டனுக்கு அனுப்பப்பட்டார். அமெரிக்காவுக்கு வானூர்தி ஏற்றப்பட்ட சந்திரகாசன் திரும்பி வந்தார். தமிழகம் கொதித்தெழுந்த பின்னரே ஆணை கைவிடப்பட்டது. அதியமானின் தூதாகச் சென்ற ஔவைக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான் என்பது புறநானூறு பயின்ற பிள்ளைகளும் அறிந்த செய்தி. பகைவன் தந்த அம்மதிப்பு, நட்பரசு என நம்பப்பட்ட இடத்தில் கிட்டவில்லை.

தில்லிக்கு இம்முறைமை தெரியாததன்று. ஆப்பிரிக்கத் தேசிய பேராயத்துக்கு 1967-இலேயே தில்லியில் அலுவலகம் இருந்தது. பாலத்தீன விடுதலை இயக்கத்துக்கு 1975-இல் அலுவலகமும், 1980-இல் முழுத் தூதரகத் தகுதியும் தந்தனர். கடல் கடந்த பாலத்தீனர்க்குத் தந்ததைக் கடலின் அக்கரையில் கண்ணுக்கெட்டும் தொலைவில் நின்றவர்க்குத் தராமைக்குக் காரணம் அறமன்று. தமிழர்க்கு நிலம் உண்டு என்று ஒப்பினால் தன் வீட்டுக்குள்ளும் அவ்வினா எழும் என்னும் அச்சமே.

தூதுச்சான்றின் அருமையைச் சுபாசு சந்திரபோசு அறிந்திருந்தார். 1943 அக்தோபரில் சிங்கப்பூரில் அவர் அமைத்த அரசுக்கு, 1945-இல் சப்பான் தன் தூதராக அச்சியாவை இரங்கூனுக்கு அனுப்பியது. அவரிடம் தூதுச்சான்று இல்லை. போசு அவரைத் தூதராகக் காண மறுத்தார். சோற்றுக்கும் படைக்கலத்துக்கும் சப்பானையே நம்பியிருந்த வேளை அது! மதுரை, இராமநாதபுரச் சிற்றூர்களிலிருந்து மலையாத் தோட்டங்களுக்குப் பிழைக்கப் போன தமிழர் பலர் அப்படையில் நின்றனர்.

ஆயினும் பழி முழுவதையும் தில்லியின் தலையில் ஏற்றுவது நேர்மையன்று. பாலத்தீன இயக்கமே தம் மக்களின் ஒரே பேராளர் என்று அரபு நாடுகள் 1974-இல் இரபாத்து மாநாட்டில் முடிவு செய்தன. தில்லியின் ஏற்பு அதன் பின்னரே வந்தது. ஈழத்தமிழர்க்கோ திம்புவில் ஆறு இருக்கைகள். நான்கு கோட்பாடு சொல்லும்போது ஒன்றாயிருந்த வாய்கள், ஊர் திரும்பியபின் வேறு வேறாயின.

1986 மே 4-ஆம் நாள் தமிழீழ ஆதரவாளர் அமைப்பு மதுரையில் மாநாடு கூட்டியது. வாச்பாயி, இராமராவ், பகுகுணா என வடபுலத்தும் ஆந்திரத்தும் தலைவர்கள் வந்தனர். வைகைக்கரையில் தமிழர் அல்லாதார் ஈழத்துக்காகப் பேசியது அரிய நிகழ்ச்சி. ஆனால் அந்நாள்களிலேயே யாழ்ப்பாணத்தில் புலிகளும் தெலோ இயக்கத்தாரும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்தனர். மாநாடு முடிந்த மூன்றாம் நாள், மே 6-இல், தெலோ தலைவர் சிறீ சபாரத்தினம் புலிகளால் கொல்லப்பட்டார். மதுரைக்கு வந்துபோன அத்தலைவர்கள், எந்தத் தமிழரின் தூதர்க்குத் தில்லியில் இடம் கேட்டிருக்க முடியும்?