உயர்தரப் பாடத் தெரிவும் பல்கலைக்கழக வாசலும்: கேட்டுத் தெரிந்தபின் முடிவெடுங்கள்



க.பொ.த. (சா/த) பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை உள்ள காலத்தில் உங்களைக் காண்பவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "உயர்தரத்தில் என்ன படிக்கப் போகிறாய்?" பெரும்பாலானோர் இதற்கு ஒரு சொல்லில் பதில் கூறிவிடுவர். "கணிதம்", "உயிரியல்", "வர்த்தகம்", "கலை" என்பனவே அப்பதில்கள். ஏன் அந்தப் பிரிவைத் தெரிந்தீர்கள், அதிலுள்ள எந்த மூன்று பாடங்கள், அவை எந்தக் கற்கைநெறிக்கு வழிவிடும் என்று மேலும் கேட்டால் பலரிடம் பதில் இருப்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் உயர்தரப் பெறுபேற்றுடன் ஒரு மாணவன் என்னிடம் வந்தான். நல்ல பெறுபேறு. பொறியியலாளராக வரவேண்டும் என்பது சிறு வயது முதல் அவனது விருப்பம். அவன் எடுத்த பாடங்கள் இணைந்த கணிதம், பௌதிகவியல், தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் ஆகியவை. இரசாயனவியல் கடினம் என்று நண்பர்கள் சொன்னதால் அதனை விட்டிருந்தான். பொறியியல் பீடத்துக்கு இரசாயனவியலும் வேண்டும் என்பதை அன்றுதான் அறிந்தான். "சேர், இதை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லையே" என்றான். அந்தச் சொற்கள் இன்றுவரை என் மனதை விட்டு அகலவில்லை. அவனிடம் திறமை இருந்தது, உழைப்பும் இருந்தது. உரிய வேளையில் ஓர் ஆலோசனைதான் இருக்கவில்லை.

பல்கலைக்கழக அனுமதி உயர்தரப் பெறுபேற்றுக்குப் பின்னர் வரும் விடயம் என்றுதான் நாம் எண்ணுகின்றோம். எனது கருத்து வேறு. பல்கலைக்கழகத்தின் வாசல்களில் எவை உங்களுக்குத் திறந்திருக்கும், எவை மூடப்பட்டுவிடும் என்பதில் பெரும் பகுதி, நீங்கள் உயர்தர வகுப்பில் சேரும் அந்த வாரத்திலேயே தீர்மானமாகிவிடுகின்றது. எனவே ஆலோசனை பெறவேண்டிய காலம் இதுவே.

பாடச் சேர்க்கையே முதல் வாசல்

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்டது. அரச பல்கலைக்கழகங்களின் உள்வாரிக் கற்கைநெறிகளுக்கு மாணவர்களைத் தெரிவு செய்வது இந்த ஆணைக்குழுவே. ஒவ்வொரு கற்கைநெறிக்கும் எந்தெந்த உயர்தரப் பாடங்களில் சித்தி வேண்டும் என்று அது வரையறுத்துள்ளது. மருத்துவத்துக்கு உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் ஆகிய மூன்றும் தேவை. பொறியியலுக்கு இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் ஆகியன தேவை. உயிரியல் பிரிவிலே சேர்ந்து, பௌதிகவியலுக்குப் பதிலாக விவசாய விஞ்ஞானத்தை எடுக்கும் ஒருவர் எவ்வளவு உயர்ந்த பெறுபேறு பெற்றாலும் மருத்துவ பீடத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. ஒரே பிரிவின் பெயர், ஒரே வகுப்பறை. ஆனால் வாசல்கள் வேறு.

விவசாய விஞ்ஞானமோ தகவல் தொழில்நுட்பமோ குறைந்த பாடங்கள் என்று நான் கூறவில்லை. அவற்றுக்கென நல்ல கற்கைநெறிகள் உண்டு. அவற்றைத் தெரிந்துகொண்டு எடுப்பவர் பிழைவிடவில்லை. தெரியாமல் எடுப்பவரே பின்னர் வருந்துகின்றார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சில கற்கைநெறிகளுக்குச் சாதாரண தரத்தில் ஆங்கிலம், கணிதம் போன்ற பாடங்களில் குறித்த தரச் சித்தி கேட்கப்படுகின்றது. கட்டடக்கலை போன்ற சிலவற்றுக்கு வேறாக ஓர் உளச்சார்புப் பரீட்சையும் உண்டு. ஆகவே இன்று நீங்கள் எழுதப்போகும் சாதாரண தரப் பரீட்சை, உயர்தர வகுப்புக்குள் நுழைவதற்கான சீட்டு மட்டும் அன்று.

"இலகுவான பாடம்" என்னும் மயக்கம்

மூன்று இலகுவான பாடங்களை எடுத்தால் புள்ளி குவிக்கலாம் என்பது மாணவரிடையே உலவும் கதை. இசட் புள்ளி முறையை விளங்கிக்கொண்டவர் இதனை நம்பமாட்டார்.

ஒரு பாடத்தில் நீங்கள் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்துக்குத் தோற்றியவர்களின் சராசரியைக் கழித்து, வரும் விடையை நியம விலகலால் வகுத்தால் அப்பாடத்துக்கான இசட் புள்ளி கிடைக்கும். மூன்று பாடங்களின் இசட் புள்ளிகளின் சராசரியே உங்கள் இறுதி இசட் புள்ளியாகும். விளக்கத்துக்காக ஓர் எண் உதாரணம் பார்ப்போம். ஒரு பாடத்தின் சராசரி 60, நியம விலகல் 10 எனக் கொள்வோம். அதில் 70 புள்ளி பெற்றவரின் இசட் புள்ளி 1. இன்னொரு பாடத்தின் சராசரி 40, நியம விலகல் 15. அதிலும் 70 பெற்றவரின் இசட் புள்ளி 2. இருவரும் பெற்றது 70தான். ஆயினும் எல்லோருக்கும் இலகுவாக இருந்த பாடத்தில் அந்த 70இன் பெறுமதி குறைந்துவிட்டது.

ஆகவே ஊருக்கு இலகுவான பாடத்தைத் தேடாதீர்கள். மற்றவர்களைவிட நீங்கள் நன்றாகச் செய்யக்கூடிய பாடம் எது என்று தேடுங்கள். உங்களுக்கு விருப்பமான பாடமே பெரும்பாலும் அதுவாக இருக்கும்.

40, 55, 5

பெரும்பாலான கற்கைநெறிகளில் இடங்கள் மூன்று வகையாகப் பங்கிடப்படுகின்றன. நூற்றுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் நிரப்பப்படும். 55 வீதம் சனத்தொகை விகிதப்படி 25 மாவட்டங்களுக்கும் பிரிக்கப்படும். மிகுதி 5 வீதம் கல்வி வசதிகளில் பின்தங்கியவை எனக் கொள்ளப்படும் 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக வழங்கப்படும். வடக்கு, கிழக்கு மாகாணங்களின் மாவட்டங்களும், நுவரெலியா, பதுளை ஆகிய மலையக மாவட்டங்களும் இந்தப் பதினாறில் அடங்கும். ஒரு கற்கைநெறியில் 1000 இடங்கள் உண்டென வைத்துக்கொண்டால் 400 திறமைக்கும், 550 மாவட்டங்களுக்கும், 50 பின்தங்கிய மாவட்டங்களுக்கும் செல்லும். ஒரே கற்கைநெறிக்கு மாவட்டத்துக்கு மாவட்டம் வெட்டுப்புள்ளி வேறுபடுவது இதனாலேயே.

இதனை ஏன் இப்போதே அறிய வேண்டும்? சாதாரண தரம் முடிந்ததும் "பெரிய பாடசாலை" தேடி வேறு மாவட்டத்துக்குச் செல்வோர் பலர். உங்கள் மாவட்டம் எது என்பது, பரீட்சைக்கு முந்திய ஆண்டுகளில் நீங்கள் கற்ற பாடசாலைகள் எங்கே இருந்தன என்பதைக் கொண்டே தீர்மானிக்கப்படுகின்றது. மாறுவது பிழையன்று. ஆனால் மாறுவதற்கு முன் அந்த விதியை வாசிக்காமல் விடுவது பிழை.

உள்வாரி மட்டுமா பல்கலைக்கழகம்?

பல்கலைக்கழக அனுமதிக்காக உயர்தரத்துக்கு மூன்று தடவைதான் தோற்றலாம். மூன்றாம் தடவையும் மருத்துவம் கிடைக்காவிட்டால் வாழ்க்கையே முடிந்தது போல் ஒடுங்கிப்போகும் பிள்ளைகளை நான் கண்டிருக்கின்றேன். அவர்களுக்கு வேறு பாதைகள் இருப்பதை எவரும் சொல்லியிருக்கவில்லை.

பட்டதாரி மாணவர்கள் எல்லோரும் ஒரே வகையினர் அல்லர். விரிவுரைகளுக்குச் சென்று முழுநேரமாகக் கற்போர் உள்வாரி மாணவர்கள். அரச பல்கலைக்கழகத்தில் இவர்களுக்குக் கற்பித்தற் கட்டணம் இல்லை. பல்கலைக்கழகமொன்றில் பதிவுசெய்து, பெரும்பாலும் தாமே கற்றுப் பரீட்சைக்குத் தோற்றுவோர் வெளிவாரி மாணவர்கள். பேராதனை, களனி, ஸ்ரீ ஜயவர்தனபுர போன்ற பல்கலைக்கழகங்கள் நெடுங்காலமாக வெளிவாரிப் பட்டங்களை வழங்கி வருகின்றன. 1980இல் தொடங்கப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் தொழில் செய்துகொண்டே தொலைக்கல்வி மூலம் கற்க வழி செய்கின்றது. உயர்தரச் சித்தி இல்லாதவர்கள் அடிப்படைக் கற்கைநெறியொன்றை முடித்து மேலே செல்லவும் அங்கே இடமுண்டு. தொழிற்கல்விப் பக்கத்தில் தேசிய தொழிற்றகைமை ஏழு மட்டங்களைக் கொண்டது. அதன் ஏழாம் மட்டம் பட்டத்துக்குச் சமமானது. இவற்றோடு கல்வியியற் கல்லூரிகளும், உயர் தேசிய டிப்ளோமா வழங்கும் நிறுவனங்களும் உள்ளன.

இவற்றை "தோற்றவர்களின் வழி" என்று இகழ்ந்து பேசுவோரின் கருத்தை நான் ஏற்கமாட்டேன். பாதை நீண்டதாக இருக்கலாம், கட்டணமும் இருக்கலாம். அதற்காகப் போய்ச் சேரும் இடம் இழிந்ததாகிவிடாது.

உள்ளே சென்ற பின்னரும் ஆலோசனை வேண்டும்

பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என எண்ணாதீர்கள். அங்கும் தெரிவுகள் காத்திருக்கின்றன. மூன்றாண்டுப் பொதுப்பட்டமா, நான்காண்டுச் சிறப்புப்பட்டமா என்பது அவற்றுள் ஒன்று. இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின்படி முன்னையதற்கு ஆகக்குறைந்தது 90, பின்னையதற்கு 120 கிரெடிற் அலகுகள் வேண்டும். கலைப் பீடங்களில் முதலாம் ஆண்டில் எடுக்கும் பாடங்களும் அவற்றில் பெறும் தரமுமே எந்தத் துறையில் சிறப்புப்பட்டம் படிக்கலாம் என்பதைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. சித்தியடையாத பாடத்தை மீண்டும் எழுதலாம். ஆனால் அப்போது பெறக்கூடிய தரத்துக்குப் பொதுவாக ஓர் எல்லை உண்டு.

இவற்றை விளக்குவதற்கென்றே பல்கலைக்கழகங்களில் மாணவ ஆலோசகர்களும் தொழில் வழிகாட்டற் பிரிவுகளும் இருக்கின்றன. ஆயினும் பிரச்சினை முற்றிய பின்னரே பலர் அந்தக் கதவைத் தட்டுகின்றனர். ஆங்கிலத்தில் விரிவுரைகளைக் கேட்கத் திணறும் மாணவர் வாய் திறவாமல் ஒரு தவணையைக் கழித்துவிடுகின்றார். கேள்வி கேட்பது அறியாமையின் அடையாளம் என்று நம்மில் சிலர் சிறு வயதிலேயே பழகிவிட்டமைதான் இதற்குக் காரணம். பாடசாலையில் கேட்கப் பழகாதவர் பல்கலைக்கழகத்தில் திடீரெனக் கேட்கப் பழகிவிடமாட்டார்.

"முதலில் பரீட்சையைப் பார்" என்போருக்கு

"பதினாறு வயதுப் பிள்ளைக்கு இந்தக் கணக்கெல்லாம் எதற்கு? முதலில் சாதாரண தரத்தில் சித்தியடையட்டும்" என்று சில பெரியோர் கூறுவர். அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. பரீட்சைக்கு முந்திய வாரத்தில் இதைப் பற்றி எண்ணி மனதைக் குழப்ப வேண்டாம். ஆனால் பரீட்சை முடிந்த பின் பல வாரங்கள் கையில் உள்ளன. அந்த நாட்களில், பெறுபேறு வரும் முன்னரே தனியார் வகுப்பில் பணம் கட்டச் சொல்கின்றோமே, அப்போது மட்டும் வயது போதுமா? வகுப்புக்குப் பணம் கட்டும் வயதில், அந்த வகுப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்று கேட்கும் உரிமையும் உண்டு.

பெற்றோரின் விருப்பத்தை மதியுங்கள். அவர்களோடு வாதாடுவதைவிட, விபரங்களைத் திரட்டி அவர்கள் முன் வையுங்கள். "எனக்கு இது பிடிக்காது" என்று மட்டும் கூறும் பிள்ளையின் பேச்சு வீட்டில் எடுபடாது. "இந்தப் பாடங்களைப் படித்தால் இந்த இந்தக் கற்கைநெறிகளுக்கு விண்ணப்பிக்கலாம், சென்ற முறை நமது மாவட்ட வெட்டுப்புள்ளி இது" என்று கூறும் பிள்ளையின் பேச்சைப் பெற்றோர் செவிமடுப்பர்.

நீங்கள் செய்யவேண்டியவை

1. பல்கலைக்கழக அனுமதிக் கைநூலைத் தேடி வாசியுங்கள். அது தமிழிலும் வெளியிடப்படுகின்றது. பாடத் தேவைகளும் முன்னைய வெட்டுப்புள்ளிகளும் அதில் உள்ளன. விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடும் என்பதால் மிகப் புதிய கைநூலையே பாருங்கள்.

2. உங்களுக்கு விருப்பமான மூன்று கற்கைநெறிகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் தேவையான பாடங்களை எதிரே குறியுங்கள். மூன்றுக்கும் பொதுவான பாடச் சேர்க்கை ஒன்று இருக்கின்றதா எனப் பாருங்கள்.

3. மூவரிடம் கேளுங்கள்: பாட ஆசிரியர் ஒருவர், பாடசாலையின் வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியர், இப்போது பல்கலைக்கழகத்தில் கற்கும் ஊரவர் ஒருவர். மூவரும் ஒரே பதிலைச் சொல்லவேண்டும் என்றில்லை. வேறுபடும் இடத்தில் ஏன் என்று மீண்டும் கேளுங்கள்.

4. முதல் விருப்பம் கிடைக்காவிட்டால் எந்த வழியில் செல்வீர்கள் என்பதையும் இன்றே ஒரு வரியில் எழுதி வையுங்கள்.

"வெள்ளம் வருமுன் அணை போடு" என்பது நம் முன்னோர் வாக்கு. என்னிடம் வந்த அந்த மாணவன் பின்னர் கணினி சார்ந்த கற்கைநெறியொன்றில் சேர்ந்து நல்ல நிலையில் இருக்கின்றான். அவனுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் தன் பாதையை அவன் தானாகத் தெரியவில்லை. வாசல் மூடியிருந்ததால் அந்தப் பக்கம் திரும்பினான். நீங்கள் எந்தப் பாதையில் சென்றாலும் அது கண் திறந்து நீங்களே தெரிந்த பாதையாக இருக்கட்டும். நாளைக்கே உங்கள் ஆசிரியரிடம் சென்று முதற் கேள்வியைக் கேளுங்கள்.