கணுக்காலுக்கு மேல் ஆறாத புண்

படுவான்கரைக் கிராமமொன்றில் பெண்கள் குழுக் கூட்டம் முடிந்து எல்லோரும் எழும்பிய பின்பும் ஓர் அக்கா மட்டும் பாயிலேயே இருந்தார். ஆட்கள் போனதும் சேலைக் கரையை மெல்ல உயர்த்தினார். இடது காலின் உட்புறம், கணுக்காலுக்குச் சற்று மேலே, பழைய துணியால் சுற்றிய புண். மூன்று வருடமாக ஆறவில்லையாம். வாடை வருகிறதென்று கண்ணகி அம்மன் சடங்குக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். ஏன் வைத்தியசாலையில் காட்டவில்லை என்று கேட்டேன்.

"காலக் கழட்டிப் போடுவாங்களோ எண்டு பயம் தங்கச்சி. முகாமில எத்தின பேரப் பாத்த நான்."

2007இல் படுவான்கரையிலிருந்து இடம்பெயர்ந்து முகாம்களில் இருந்தவர்களுக்கு இந்தப் பயம் விளங்கும். ஷெல்லுக்கும் மிதிவெடிக்கும் கால் கொடுத்தவர்களைப் பக்கத்துக் கொட்டிலில் பார்த்தவர்கள் நாம். ஆனால் அந்த அக்காவுக்கு வந்திருப்பது வேறு. அது நாளக் கோளாறினால் வந்த புண். இதற்காகக் காலை அகற்ற வேண்டி வருவது மிக அரிது. முறையாகக் கட்டுப் போட்டால் பெரும்பாலானவை சில மாதங்களில் ஆறிவிடும்.

இருதயத்திலிருந்து காலுக்கு இறங்கும் இரத்தம் நாளங்கள் வழியே மேலேறித் திரும்ப வேண்டும். அதை மேலே தள்ளுவது கெண்டைக்கால் தசை. நடக்கும்போது தசை இறுகி நாளத்தைப் பிழிகிறது. ஏறிய இரத்தம் திரும்ப இறங்காமல் நாளத்தினுள் இருக்கும் சிறு வால்வுகள் மூடிக்கொள்ளும். அசையாமல் நிற்கும்போது கணுக்கால் நாளத்தில் அழுத்தம் 80 முதல் 90 மில்லிமீற்றர் இரசம் வரை இருக்கும். நடந்தால் 30 அளவுக்கு இறங்கிவிடும். வால்வு பழுதானால் நடந்தாலும் அது இறங்காது. இரத்தம் தேங்கி நாளம் புடைத்துச் சுருளும், நீர் கசிந்து கால் வீங்கும்.

எங்கள் பேச்சில் இதையும் 'நரம்பு' என்றுதான் சொல்லுகிறோம். "நரம்பு சுருண்டிருக்கு" என்று சொல்லப் போய், நரம்புத் தளர்ச்சிக்கு விற்றமின் குளிசை வாங்கி வந்தவர்களை எனக்குத் தெரியும். வைத்தியரிடம் வாயால் சொல்வதோடு நிற்காமல் காலைக் காட்டுங்கள்.

பின்னேரமானால் கால் பாரம், கணுக்காலில் செருப்பு வார் பதிந்த தடம், இரவில் கெண்டைக்கால் பிடிப்பு. இவைதான் முதலில் வரும். விடியலில் வீக்கம் வற்றியிருப்பதால் யாரும் பொருட்படுத்துவதில்லை. அடுத்து கணுக்காலைச் சுற்றித் தோல் கபில நிறமாகிக் கடிக்கும், பின் இறுகும். அந்த நிலையில் ஒரு நுளம்புக் கடியைச் சொறிந்தாலே போதும், புண்ணாகிவிடும். யானைக்காலோ என்று சிலர் பயப்படுகிறார்கள். அந்நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து இலங்கை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016இல் உறுதிப்படுத்தியது. இரண்டு காலும் ஒன்றாக வீங்கினால் இருதயம், சிறுநீரகம் போன்றவற்றையும் பார்க்க வேண்டும்.

அடுத்தடுத்துப் பிள்ளை பெற்றவர்களுக்கும், அரிசி ஆலையிலோ ஆடைத் தொழிற்சாலையிலோ நாள் முழுக்க நிற்பவர்களுக்கும், தாய் வழியில் இக்கோளாறு உள்ளவர்களுக்கும் இது வரலாம். எம்மிடையே இன்னொரு காரணமும் உண்டு. யுத்த காலத்தில் காலில் காயப்பட்டு, எலும்பு முறிந்து, மாதக்கணக்கில் படுத்திருந்தவர்களின் ஆழமான நாளத்தில் அப்போது இரத்தம் உறைந்திருக்கலாம். அந்த உறைவு வால்வுகளைக் கெடுத்துவிட்டால் வீக்கமும் புண்ணும் பல வருடம் கழித்தும் வரும். அந்த அக்காவுக்கும் அதே காலில் பழைய முறிவு இருந்தது. புண்ணைக் கேட்பவர்களிடம் அவர் அதைச் சொன்னதேயில்லை.

சிகிச்சையின் உயிர், அழுத்திக் கட்டுவது. பவுடரும் களிம்பும் மட்டும் இந்தப் புண்ணை ஆற்றாது. அந்த அக்கா அன்ரிபயோட்டிக் குளிசையை உடைத்துப் புண்ணில் கொட்டி வந்திருக்கிறார். அதை விடுங்கள், மஞ்சளும் சாம்பலும் வேண்டாம். கொதித்தாறிய நீரால் கழுவி, சுத்தமான துணி வைத்து, சுற்றியுள்ள வறண்ட தோலுக்குத் தேங்காயெண்ணெய் பூசினால் போதும். கட்டத் தொடங்குமுன் வைத்தியர் பாதத்தின் நாடித்துடிப்பைப் பார்க்க வேண்டும். நீரிழிவு உள்ளவர்களுக்கும், பாதம் எப்போதும் குளிர்ந்திருப்பவர்களுக்கும் நாடியிலும் அடைப்பு இருக்கலாம். இறுக்கிக் கட்டினால் ஆபத்து.

சரியென்று சொன்னால், காலையில் படுக்கையை விட்டு இறங்குமுன் கிரேப் பண்டேஜைக் கால்விரல் அடியிலிருந்து தொடங்கி, குதியையும் மூடி, முழங்காலுக்குக் கீழ் வரை சுற்றுங்கள். ஒவ்வொரு சுற்றும் முந்தியதில் பாதியை மூட வேண்டும். கணுக்காலில் இறுக்கம், மேலே போகப் போகத் தளர்வு. நோகிற இடத்தில் மட்டும் சீலைத் துண்டை இறுக்கிக் கட்டுவது நேர்மாறான வேலை. விரல் நீலம் பாரித்தால், விறைத்தால் உடனே அவிழுங்கள்.

பகலில் மூன்று நான்கு தடவை, அரை மணி நேரம், நெஞ்சுக்கு மேலாகக் காலை உயர்த்திப் படுக்கச் சொல்லுவார்கள். சோறு யார் ஆக்குவது என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. முடிந்த ஒரு தடவையாவது படுங்கள். நிற்கும் இடத்திலேயே குதியைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். இரவில் கட்டிலின் கால்மாட்டில் இரண்டு செங்கல் வையுங்கள். வாவியில் முழங்கால் ஆழத்தில் நடப்பதும் நல்லதே, தண்ணீரே காலை அழுத்தும். ஆனால் புண்ணோடு இறங்க வேண்டாம்.

புடைத்த நாளம் வெடித்து இரத்தம் பாய்ந்தால் கதிரையில் இருத்தாதீர்கள். நிலத்தில் படுக்க வைத்து, காலை உயர்த்தி, துணியால் அந்த இடத்தையே பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். மகப்பேற்றுக்கோ சத்திரசிகிச்சைக்கோ பின் ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி நொந்தால் எண்ணெய் போட்டு உருவவே கூடாது. அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். மூச்சு முட்டினால் 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

முன்பு மண்முனைத்துறையில் பாதைக்குக் காத்திருந்துதான் பட்டணம் போனோம். 2014இல் பாலம் திறந்த பின் அந்தச் சாட்டு இல்லை. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் சத்திரசிகிச்சை கிளினிக்குக்குத் துண்டு எழுதித் தரும்படி உங்கள் ஊர் வைத்தியரிடம் கேளுங்கள். பழைய காயத்தை மறைக்காமல் சொல்லுங்கள். ஸ்கான் செய்து பார்த்து, கெட்டிருப்பது மேல் நாளமென்றால் சத்திரசிகிச்சையோ ஊசியோ உதவும்.

அந்த அக்காவின் புண் ஐந்தாம் மாதம் மூடியது. தோலின் கறுப்பு போகவில்லை, அது போகாது. கட்டை விட்டால் புண் திரும்பும் என்று சொல்லியிருக்கிறார்கள். விடியற்காலை இடியப்பத்துக்கு அடுப்பு மூட்டுமுன், பாயிலிருந்தபடியே கட்டிக்கொள்கிறார்.