தோலுக்குத் திசை உண்டு

செயற்கை இதய வால்வின் எந்த இடத்தில் எவ்வளவு தகைவு ஏறும் என்பதைக் கணினியே சொல்லிவிடும்போது மாதக்கணக்கான சோதனைகள் வீண்செலவு என்ற வாதத்தை ஏற்க முடியாது. கணினி கணக்குப் போடுகிறது. பொருளின் குணத்தை நாம்தான் அதற்குச் சொல்கிறோம். மாட்டின் இதய உறையைக் குளுட்டரால்டிஹைடில் பதப்படுத்தித் திசு வால்வு செய்கிறார்கள். தோல் பதனிடவும் பயன்படும் வேதிப்பொருள்தான் அது. திருப்பத்தூர் மாவட்டத்து ஆம்பூரில் காலணிக்குத் தோல் வெட்டுபவர், டையை வைக்குமுன் இரு கையாலும் இழுத்துப் பார்க்கிறார். முதுகுப் பக்கம் இறுக்கம், வயிற்றுப் பக்கம் தொளதொளப்பு. நெடுக்கில் ஒரு நீட்சி, குறுக்கில் வேறு. இதய உறைக்கும் இந்தத் திசைக்குணம் உண்டு. எத்திசையிலும் ஒன்றே என்று வைத்துக்கொண்டு கணினி வரைந்த தகைவு வண்ணப்படம் தவறான இடத்தில் ஆறுதல் தரும்.

உலோகம் சீரானது, அங்கேயாவது கணக்குப் போதாதா என்பார்கள். பியோர்க்-ஷைலி குழிகுவி வால்வில் வட்டைத் தாங்கும் உலோகக் கம்பி வெல்டிங் அருகேதான் முறிந்து உயிர்களைப் பறித்தது. 1986இல் அது சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. வெல்டிங்கில் ஒளிந்திருக்கும் நுண்விரிசல், யாரும் சொல்லாமல் கணினிக்குத் தெரியாது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா நிறுவனம் உருவாக்கிய வால்வின் நீலக்கல் வட்டும் விலங்குச் சோதனையில் உடைந்தது. பிறகு பாலிஎத்திலீன் வட்டுக்கு மாறிய வால்வே 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. மோசமான வடிவங்களைத் தொடக்கத்திலேயே கழிக்கக் கணினி பெரிதும் உதவுகிறது, மறுக்கவில்லை. ஆனால் நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் ஆண்டுக்குச் சுமார் 3.7 கோடி. ஆய்வகத்தில் திசு வால்வை 20 கோடி முறை திறந்து மூடிப் பார்ப்பதைத் தவிர்த்தால், அச்சோதனை வேலூருக்கு அறுவைக்கு வருபவரின் மார்புக்குள் நடக்கும்.