அம்மாவுக்கு ஒரு வீடு!

வீடு வரையச் சொன்னா எல்.கே.ஜி. வாண்டு என்ன வரையும்? கீழே ஒரு பெட்டி, மேலே முக்கோணம், நடுவுல வாசல், ஜன்னல். அவ்ளோதான்! கிட்டத்தட்ட அந்தப் படத்தையே நிஜமா கட்டி, கட்டடக்கலை உலகத்தைக் கலக்கினவர் ராபர்ட் வென்டூரி. இடம், அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்துல செஸ்ட்நட் ஹில் பகுதி. வருஷம் 1964. கிளையன்ட்? அவரைப் பெத்த அம்மா, வன்னா வென்டூரி!

அந்தக் காலத்துல 'மாடர்ன்' வீடுன்னா தட்டையான கூரை, கண்ணாடிச் சுவர், அலங்காரத்துக்குத் தடா. குறைக்கக் குறைக்க அழகு கூடும்கிறது மேதை மீஸ் வான்டெர்ரோவின் தாரக மந்திரம். குறைச்சா போரடிக்கும்னு பதிலுக்குக் கிண்டலடிச்சார் வென்டூரி. 1966-ல இதுக்காக ஒரு புத்தகமே எழுதினார்.

வீட்டுக்குள்ள குறும்பு ஏராளம். முக்கோண முகப்பு நடுவுல பிளந்து நிற்கும். வாசலுக்கு மேல இருக்கிற வளைவு எதையும் தாங்காது. சும்மா ஒட்டவெச்ச மரப்பட்டை! வலதுபக்க ஜன்னல்ல அஞ்சு சதுரம் வரிசையா இருக்கும். இடதுபக்கம் நாலு சதுரம் சேர்ந்து ஒண்ணு, தனியா குட்டியா ஒண்ணு. பார்த்தா கோணல், எண்ணினா கணக்கு டேலி! மாடியில ஒரு குட்டிப் படிக்கட்டு எங்கேயும் போகாது. ஆனா, உயரத்துல இருக்கிற ஜன்னலைத் துடைக்க அதுதான் ஏணி.

அம்மா விஷயத்துல மட்டும் குறும்பே கிடையாது. வயசானவங்க படியேற வேண்டாம்னு அவங்க படுக்கையறை, சமையலறை எல்லாம் கீழேயே. அவங்களுக்கு கார் ஓட்டத் தெரியாது, அதனால கார் ஷெட்டும் இல்லை.

பின்நவீனத்துவக் கட்டடக்கலையின் ஆரம்பப் புள்ளிகள்ல ஒண்ணா இன்னிக்குப் பாடத்துல வர்ற வீடு இது. 2005-ல அமெரிக்கா இதுக்குத் தபால்தலையே வெளியிட்டுச்சு!

சரி, வாண்டு வரையுற படத்துக்கு ஏன் இவ்வளவு மரியாதை? அது சும்மா வரலை பாஸ். பிரின்ஸ்டன்ல படிச்சு, ரோம்ல ரெண்டு வருஷம் தங்கிப் பழைய கட்டடங்களை அலசினவர் அவர். இந்த ஒரு வீட்டுக்கே வருஷக்கணக்கா பிளானை மாத்தி மாத்தி வரைஞ்சார். விதியை மீறுறதுக்கு முன்னாடி அதைக் கரைச்சுக் குடிச்சிருந்தார்.

ஆர்க்கிடெக்சர் படிக்கிற மக்கா... அடுத்த ரிவ்யூவுக்கு ஷீட் போடும்போது ஞாபகம் வெச்சுக்கங்க. மார்க் போடுறவர் அஞ்சு நிமிஷம் பார்ப்பார். அந்த வீட்டுல குடியிருக்கப் போறது வேற ஒருத்தர்!