தேய்வது முள், எறிவது கம்பு

பிரஷில் தேய்வது முள் மட்டுமே. ஆயினும் நாம் எறிவது முழுப் பிரஷையும். தளம் தேய்ப்பதும் கழிவறை கழுவுவதும் பெரும்பாலும் கைப்பிடியும் தலையும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டே கடைகளில் தொங்குகின்றன. முள் மடங்கியதும் குறையேதுமற்ற கைப்பிடியும் குப்பைக்குப் போகிறது. அடுத்த முறை அதே கைப்பிடிக்கு மீண்டும் விலை கொடுக்கிறோம். இதற்கு வசதி என்று பெயர்!

சாலை பெருக்கும் ஊர்தியின் சுழல் பிரஷ் தேய்ந்தால் ஊர்தியையா எறிகிறார்கள்? பிரஷைக் கழற்றி வேறொன்றைப் பூட்டுகிறார்கள். ஆலைகளில் உருளைப் பிரஷ்களுக்கும் இதுவே முறை. முதலாளி அறிந்த இச்சிக்கனம் ஏழை இல்லத்தாருக்கு ஏன் மறுக்கப்பட வேண்டும்? மாற்றுத் தலை விற்போரும் குற்றமற்றவர் அல்லர். ஒருவர் செய்த தலை மற்றவர் கம்பில் ஏறாதவாறு மரையின் அளவு வேறுபடுகிறது.

புதுக்கோட்டையைச் சூழ்ந்த பனங்காட்டில் வாழும் நமக்கு இது இரட்டை இழுக்கு. பனைமட்டையின் அடியை நசுக்கிச் சீவி எடுக்கும் தும்பு, தூத்துக்குடித் துறைமுகம் வழியே நெடுங்காலம் கடல் கடந்து சென்று, அயல்நாட்டுத் தெருக்களைப் பெருக்கும் பிரஷ்களில் முள்ளானது. விறைப்பானது; நனைந்தாலும் எளிதில் துவளாதது; பயன் முடிந்தபின் மண்ணோடு மண்ணாவது. பனையை 1978இல் மாநில மரமாக்கினோம். அதன் தும்பை நம் வீட்டுக்குள் ஏற்க மறுக்கிறோம். பனையேறியும் தும்பு சீவும் பெண்களும் பெறவேண்டிய கூலி, பிளாஸ்டிக்கின் விலையாகிறது.

பிளாஸ்டிக் முள்ளோ தேயத் தேயத் துகளாகி, கழுவிய நீரோடு வாய்க்காலில் இறங்குகிறது. வாய்க்கால் சேருமிடம் கடலன்றோ? 21 தீவுகளுடன் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா நம் வாசலில் இருக்கிறது. தமிழக அரசு 2019 சனவரி முதல் தடைசெய்த 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களில் பிரஷ் இல்லை. சட்டம் வாய்திறவாத இடத்தில் மனச்சான்று பேச வேண்டாமா?

"பிளாஸ்டிக் மலிவு" என்பார்கள். ஒரே கைப்பிடிக்கு ஆண்டுதோறும் விலை கொடுப்பது எவ்வாறு மலிவாகும்? எல்லா வேலைக்கும் தும்பே ஏற்றது என்று நாம் வாதிடவில்லை. பீங்கானுக்கு மென்மையான முள் வேண்டும். முற்றத்துக்கும் சிமெண்டுத் தளத்துக்கும் தும்பே போதும்.

பள்ளிகளும் மருத்துவமனைகளும் ஆலயங்களும் ஊராட்சிகளும் மொத்தமாக வாங்குபவை. கொள்முதல் ஆணையில் மூன்று வரிகளை அவை எழுதட்டும்: தலை தனியே கழல வேண்டும், மரை பொது அளவினதாக வேண்டும், தரைப் பிரஷின் முள் பனந்தும்பாக வேண்டும். பெரிய வாடிக்கையாளர் வற்புறுத்தினால் வணிகர் வழிக்கு வருவர்.